சுயேச்சை செனட்டர் எப்படி வாக்களித்தார்? பதிவைத் தேடிப் படிக்க ஒரு வழிகாட்டி

ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்று முதல் முறையாக வாக்குச்சாவடிக்குப் போனால் இரண்டு தாள் தருவார்கள். பச்சைத் தாள் கீழவைக்கு. அது நமக்குப் பழகிய விஷயம்தான். வெள்ளைத் தாள் செனட்டுக்கு. விரித்தால் மறைப்பு மேசையின் இரண்டு பக்கமும் இடிக்கும். அங்கேதான் பலரும் திணறுகிறார்கள். நம்மில் பெரும்பாலோர் மேலவை உறுப்பினர் ஒருவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்ததே இல்லை. இலங்கையில் செனட் சபை 1971-இல் ஒழிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சட்டமன்ற மேலவை 1986-இல் போனது. டெல்லி மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள்தான் வாக்களிக்கிறார்கள்.

அந்த வெள்ளைத் தாளில் கட்சி சாராத ஒருவர் மீண்டும் நிற்கிறார், ஏற்கெனவே சில ஆண்டுகள் செனட்டில் இருந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் அங்கே என்ன செய்தார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கட்சிக்காரர் என்றால் வேலை சுலபம். லேபர் செனட்டர் கட்சிக் கூட்டத்தின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். அவர் பதிவைப் படிப்பது கட்சியின் பதிவைப் படிப்பதுதான். சுயேச்சைக்குக் கொறடா கிடையாது. ஒவ்வொரு வாக்கும் அவரே எடுத்த முடிவு, அதனால் ஒவ்வொன்றையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எண்ணிக்கை

செனட்டில் 76 பேர். ஆறு மாநிலங்களுக்குத் தலா 12, மாநிலமாக இல்லாத இரண்டு ஆட்சிப் பகுதிகளுக்குத் தலா 2. மாநில செனட்டர்களுக்கு ஆறு ஆண்டு. ஆட்சிப் பகுதிக்காரர்கள் கீழவையோடு சேர்ந்தே தேர்தலைச் சந்திக்க வேண்டும். எல்லோரும் வந்திருந்தால் ஒரு மசோதா நிறைவேற 39 வாக்கு வேண்டும். அவைத் தலைவருக்கும் மற்றவர்களைப் போல ஒரே வாக்குதான், இழுபறியை முடித்துவைக்கும் கூடுதல் வாக்கு அவருக்கு இல்லை. இரு பக்கமும் சமமாக வந்தால் தீர்மானம் தோற்றதாகக் கணக்கு. அரசமைப்பின் 23-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. இந்த ஒரு விதியை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நீங்கள் பார்க்கப்போகும் செனட்டரின் காலத்தில் யாருக்கு எத்தனை இடம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2022 தேர்தலுக்குப் பின் ஆளும் லேபர் கட்சிக்கு 26, கிரீன்ஸ் கட்சிக்கு 12. கூட்டினால் 38, ஒன்று குறைகிறது. கான்பெர்ராவிலிருந்து சுயேச்சையாக வென்ற டேவிட் போகாக்கின் பெயர் அந்த மூன்று ஆண்டும் செய்தியில் அடிபட்டதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். 2025 தேர்தலில் லேபருக்கு 28, கிரீன்ஸுக்கு 11 கிடைத்தது. இரண்டும் சேர்ந்தாலே 39. அதே மனிதர், அதே இருக்கை. ஆனால் 2023-இல் அவர் சொன்ன ‘இல்லை’க்கு இருந்த எடை 2025-க்குப் பிறகு சொல்லும் ‘இல்லை’க்கு இருக்க வேண்டியதில்லை.

எதைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

“இவர் எப்படிப்பட்டவர்?” என்ற கேள்வியோடு போனால் நூற்றுக்கணக்கான வாக்கெடுப்புகளுக்கு நடுவில் தொலைந்துபோவீர்கள். உங்களுக்கு அக்கறையுள்ள ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்: விசா விதிகள், குழந்தைகள் காப்பகக் கட்டணம், வாடகை வீடு, மருத்துவக் காப்பீடு, எதுவானாலும் சரி. ஒரு துறையை உருப்படியாகப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

பிறகு செனட்டரின் காலக்கோட்டைப் பாருங்கள். அவர் முதலிலிருந்தே சுயேச்சையா, நடுவில் கட்சியை விட்டு வந்தவரா? லிடியா தோர்ப் 2023 பிப்ரவரி வரை கிரீன்ஸில் இருந்தார். ஃபாத்திமா பேமன் 2024 ஜூலை வரை லேபரில் இருந்தார். அதற்கு முந்தின மாதம் பாலஸ்தீன அங்கீகாரத் தீர்மானத்தில் கட்சிக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து வாக்களித்தது பெரிய செய்தியானது. இப்படிப்பட்டவர்களின் பதிவை ஒரே மூட்டையாகக் கட்டினால் கணக்கு உதைக்கும். பிரிந்த தேதியில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு முன்னால் இருப்பது கட்சியின் பதிவு, பின்னால் இருப்பதுதான் அவருடையது.

எங்கே தேடுவது

முதலில் ‘தே வோட் ஃபார் யூ’ என்ற தளம். ஓப்பன் ஆஸ்திரேலியா ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு நடத்துகிறது. செனட்டரின் பெயரைத் தேடினால், பெயர் பெயராக எண்ணப்பட்ட வாக்குகளைப் பொருள்வாரியாகத் தொகுத்து, இன்ன கொள்கைக்குத் தொடர்ந்து ஆதரவு, இன்னதற்குத் தொடர்ந்து எதிர்ப்பு, இன்னதில் இரண்டும் கலந்து என்று காட்டும். தேடலைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். எந்த வாக்கெடுப்பு எந்தக் கொள்கையின் கீழ் வரும் என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. கட்சியை மீறி வாக்களித்த விகிதம் என்று ஒன்றும் அங்கே வரும். மீறுவதற்குக் கட்சியே இல்லாதவருக்கு அந்த எண்ணால் பயனில்லை, தாண்டிப் போங்கள்.

அங்கே தேதி கிடைத்ததும் நாடாளுமன்றத்தின் இணையதளத்துக்குப் போங்கள். இரண்டு ஆவணம் வேண்டும். ஒன்று, செனட்டின் ‘ஜர்னல்ஸ்’. அன்றைக்கு எந்தத் தீர்மானம் வந்தது, என்ன கேள்வி வைக்கப்பட்டது, யார் யார் எந்தப் பக்கம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் அதிகாரபூர்வக் குறிப்பேடு. இன்னொன்று ஹன்சார்ட், பேசியது முழுவதும். முடிவுக்கு ஜர்னல்ஸ், காரணத்துக்கு ஹன்சார்ட். அவை நடந்துகொண்டிருக்கும்போதே பின்தொடர விரும்பினால் ‘டைனமிக் ரெட்’ என்ற பக்கம் இருக்கிறது. அன்றைய நிகழ்ச்சி நிரல் முடிவுகளோடு அதில் ஏறிக்கொண்டே வரும்.

பதிவில் இருப்பது பாதிதான்

தமிழ்நாடு சட்டமன்ற நேரலை பார்த்தவர்களுக்கு “ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க” என்ற குரல் காதில் இருக்கும். செனட்டிலும் முதலில் குரல் வாக்கெடுப்புதான். பெரும்பாலான விஷயங்கள் அத்தோடு முடிந்துவிடும், யார் என்ன சொன்னார் என்பதற்குப் பெயர்ப் பட்டியல் இருக்காது. தலைவரின் முடிவை ஏற்காதவர்கள் கேட்டால்தான் ‘டிவிஷன்’. நான்கு நிமிடம் மணி அடிக்கும், கதவு மூடப்படும், ‘ஆம்’ என்பவர்கள் தலைவரின் வலப்பக்கமும் ‘இல்லை’ என்பவர்கள் இடப்பக்கமும் உட்கார, பெயர் பெயராக எண்ணுவார்கள்.

டிவிஷன் கேட்கக் குறைந்தது இரண்டு செனட்டர்கள் வேண்டும். கட்சிகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, சுயேச்சைக்குப் பெரிய தடை. துணைக்கு ஒருவர் எழவில்லை என்றால் பெயர்ப் பட்டியலே உருவாகாது. தனியாகக் கேட்டவர் தன் எதிர்ப்பை ஜர்னல்ஸில் குறித்துக்கொள்ளச் சொல்லலாம், அவ்வளவுதான். சில சமயம் எழுந்து “என் ஆதரவைப் பதிவு செய்யுங்கள்” என்று கேட்பார்கள். அது ஹன்சார்டில் ஒரு வரியாக இருக்கும், வாக்குக் கணக்குகளில் ஏறாது. ஆகவே ஒரு பொருளில் அவர் பெயரே தென்படவில்லை என்றால், அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவதற்குமுன் ஹன்சார்டில் அவர் பெயரையும் மசோதாவின் பெயரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

இரு பெரிய கட்சிகளும் ஒத்துப்போகும் மசோதாக்கள் பெரும்பாலும் டிவிஷன் இல்லாமலே போய்விடும். எனவே உங்கள் கைக்கு வரும் பதிவு முழுக்கச் சண்டை நடந்த இடங்கள்தான். “இவர் எப்போதும் அரசை எதிர்க்கிறார்” என்ற எண்ணம் வந்தால், ஒத்துப்போன இடங்கள் எண்ணப்படவே இல்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வைக்கப்பட்ட கேள்வி என்ன?

நேரம் இல்லாதவர்கள் மற்றதை விட்டுவிட்டு இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். மசோதாவின் தலைப்பை வைத்து வாக்கைப் புரிந்துகொள்ள முடியாது. தலைவர் அவையின் முன் வைத்த கேள்வியின் வாசகம் என்ன என்று பார்க்க வேண்டும்.

ஒரு மசோதா பல கட்டம் தாண்டும். இரண்டாம் வாசிப்பு என்பது அதன் அடிப்படை நோக்கத்தை ஏற்கிறீர்களா என்ற கேள்வி. பிறகு முழு அவைக் குழுவாக உட்கார்ந்து பிரிவு பிரிவாகத் திருத்துவார்கள். கடைசியில் மூன்றாம் வாசிப்பு. ஒருவர் இரண்டாம் வாசிப்பில் ‘ஆம்’, திருத்தங்களில் ஐந்துக்கு ‘ஆம்’, மூன்றுக்கு ‘இல்லை’, மூன்றாம் வாசிப்பில் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. நோக்கம் சரி, என் திருத்தம் ஏறவில்லை, ஆகவே இறுதி வடிவம் வேண்டாம் என்பது தெளிவான நிலைப்பாடு. விழுக்காட்டுக் கணக்கில் இவர் தடுமாறுபவர் போலத் தெரிவார்.

ஆளைக் குழப்புவது குழுக் கட்டம். மசோதாவின் ஒரு பகுதியை, உதாரணத்துக்கு 2-ஆம் அட்டவணையை, நீக்க வேண்டும் என்று ஒரு செனட்டர் சொல்கிறார் என்று வையுங்கள். “நீக்கலாமா?” என்று தலைவர் கேட்பார் என்று நாம் நினைப்போம். அவர் வைக்கும் கேள்வி: “2-ஆம் அட்டவணை அச்சிட்டபடியே இருக்கட்டுமா?” ஆக, நீக்க விரும்புபவர் ‘இல்லை’ என்று வாக்களிக்க வேண்டும். நீக்கக் கோரியவரே ‘இல்லை’ பட்டியலில் இருப்பதைப் பார்த்து, தன் கோரிக்கையைத் தானே தோற்கடித்தார் என்று எழுதுபவர்கள் உண்டு. இந்தக் கேள்வியில் சமநிலை விதியும் வேலை செய்கிறது. வாக்கு சமமானால் ‘இருக்கட்டும்’ என்பது தோற்கும், அட்டவணை போய்விடும்.

இரண்டாம் வாசிப்புத் திருத்தம் என்று இன்னொன்று வரும். பெயரில் ‘திருத்தம்’ இருந்தாலும், பெரும்பாலும் அது மசோதாவின் ஓர் எழுத்தையும் மாற்றாது. “ஆனால் செனட் இன்னதைக் கவனத்தில் கொள்கிறது” என்று ஒரு கருத்தை ஒட்டவைப்பதோடு சரி. சுயேச்சைகளுக்குப் பிடித்த கருவி இது. கருத்தாக மதியுங்கள், சட்டத்தை மாற்றியதாக எண்ணாதீர்கள்.

வரி மசோதாக்களையும் அரசின் வழக்கமான ஆண்டுச் செலவு மசோதாக்களையும் செனட் நேரடியாகத் திருத்த முடியாது. கீழவையை மாற்றச் சொல்லிக் ‘கோரிக்கை’ அனுப்பலாம். அங்கே ‘கோரிக்கை’ என்று கண்டால் திருத்தம் என்றே படியுங்கள்.

மூன்று குவியல்

கிடைத்த வாக்கெடுப்புகளை மூன்றாகப் பிரியுங்கள்: சட்டம், நடைமுறை, கருத்து.

நடைமுறைக் குவியல்தான் ஏமாற்றும். விவாதத்தை நிறுத்தி உடனே வாக்கெடுக்கலாமா, நிலையாணைகளை, அதாவது அவையின் நடைமுறை விதிகளை, ஒத்திவைத்து இந்த விஷயத்தை இப்போதே எடுக்கலாமா, நள்ளிரவு வரை உட்காரலாமா என்பவை இதில் வரும். வீட்டு வாடகை பற்றிய ஒரு தீர்மானத்தை எடுக்க நிலையாணையை ஒத்திவைக்கச் சொல்கிறார்கள், உங்கள் செனட்டர் ‘இல்லை’ என்கிறார். வாடகைதாரருக்கு எதிரி என்று அர்த்தமா? அன்றைய நிகழ்ச்சி நிரலைக் கலைக்க வேண்டாம் என்றும் இருக்கலாம். சில சுயேச்சைகள் விவாதத்தை வெட்டும் தீர்மானம் எதுவானாலும் எதிர்ப்பார்கள், கொண்டுவந்தது யார் என்று பார்க்க மாட்டார்கள். அப்படி ஒரு ஒழுங்கு தெரிகிறதா என்று இந்தக் குவியலைத் தனியே பாருங்கள், தெரிந்தால் அது அவரைப் பற்றி நிறையச் சொல்லும்.

அமைச்சர் ஆவணங்களைத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற உத்தரவுகளும் இங்கேதான் வரும். அரசை நம்பி வேலை செய்ய வேண்டிய சுயேச்சைகள்கூட இதில் எதிர்க்கட்சியோடு நிற்பது வழக்கம். தகவல் இல்லாமல் பேரம் பேச முடியாதே! ஆகவே ‘எதிர்க்கட்சியோடு இத்தனை விழுக்காடு ஒத்துப்போகிறார்’ என்ற எண்ணில் இந்த உத்தரவுகள் எத்தனை என்று கழித்துப் பார்த்தால் படம் மாறிவிடும்.

மனசாட்சி வாக்கெடுப்பை எந்தக் குவியலிலும் சேர்க்காமல் தனியாக வைக்கலாம். ஆட்சிப் பகுதிகள் கருணைச் சாவு பற்றித் தாங்களே சட்டம் இயற்றும் உரிமையைத் திருப்பித் தந்த 2022 மசோதா அப்படிப்பட்டது. கட்சிகளே உள்ளுக்குள் பிரிந்து நின்றன. அங்கே ‘லேபரோடா, லிபரலோடா’ என்று கேட்பதில் பொருளில்லை.

ஒரு நாள் இல்லை, மறுநாள் ஆம்

2009 பிப்ரவரியில் உலக நிதி நெருக்கடியைச் சமாளிக்க பிரதமர் கெவின் ரட்டின் லேபர் அரசு 42 பில்லியன் டாலர் ஊக்கத் திட்டம் கொண்டுவந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் சுயேச்சை செனட்டர் நிக் செனஃபன் 12-ஆம் தேதி எதிர்த்து வாக்களித்தார். 35-க்கு 35. சமம் என்றால் தோல்வி, திட்டம் விழுந்தது. மறுநாள் மசோதாக்கள் திரும்பவும் வந்தன. அவர் ஆதரித்தார், நிறைவேறியது. பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே விஷயத்தில் ஒரு நாள் இல்லை, மறுநாள் ஆம்.

நடுவில் நடந்தது என்ன? வறண்டுகொண்டிருந்த மரே-டார்லிங் ஆற்றுப் படுகைக்கும் நீர்த் திட்டங்களுக்கும் சுமார் 900 மில்லியன் டாலர் தர அரசு ஒப்புக்கொண்டது. அந்த ஆற்றின் கடைக்கோடியில் இருக்கும் மாநிலத்தின் பிரதிநிதி அவர். சரியா தவறா என்பது உங்கள் தீர்ப்பு. ஒரு தேசிய அவசரத்தைத் தன் மாநிலத்துக்காக நிறுத்திவைத்தார் என்றும் சொல்லலாம், வாக்களித்தவர்களுக்காக வேலை செய்தார் என்றும் சொல்லலாம். ஆனால் இரண்டு வாக்குக்கும் நடுவில் இருந்த அந்த இரவைப் படிக்காமல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. முடிவு மாறிய எந்த இடத்திலும் அந்த வாரத்துச் செய்தித்தாளையும் ஹன்சார்டில் அவர் பேச்சையும் எடுத்துப் பாருங்கள்.

பேரத்தில் கிடைத்தது சில சமயம் அந்த மசோதாவுக்குள்ளேயே இருக்காது. 2022 இறுதியில் தொழிலாளர் சட்ட மாற்றத்துக்குப் போகாக் ஆதரவு தந்தபோது, ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் முன் உதவித்தொகைகள் போதுமா என்று பார்த்து அறிக்கை தரும் ஒரு ஆலோசனைக் குழுவை அமைக்க அரசு இசைந்தது. வாக்குப் பட்டியலில் அது வெறும் ‘ஆம்’. டாஸ்மேனியாவின் பிரையன் ஹாரடீன் 1975 முதல் 2005 வரை சுயேச்சையாகவே இருந்தவர். 1999-இல் ஜி.எஸ்.டி.க்கு ஆதரவு தர முடியாது என்று அவர் அவையில் பேசினார். அரசு வேறு வழி தேடி டெமாக்ரட்ஸ் கட்சியிடம் போனது. அந்த வரியின் இறுதி வடிவத்தைத் தீர்மானித்ததில் அவர் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. வாக்குகளை மட்டும் எண்ணுபவருக்கு இது அகப்படாது.

வராத நாட்கள்

டிவிஷனில் ‘நடுநிலை’ என்று ஒரு கட்டம் கிடையாது. வாக்களிக்க விரும்பாதவர் உள்ளே வராமல் இருந்துவிடுவார். நோயாலோ ஊரில் வேலையாலோ வராதவரும் அதே வெற்றிடத்தில்தான் இருப்பார். போதாக்குறைக்கு ‘பேர்’ (pair, அதாவது ஜோடி) என்ற ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஒருவர் வரமுடியாவிட்டால் எதிர்ப்பக்கம் ஒருவரும் வாக்களிக்காமல் ஒதுங்கி, எண்ணிக்கையைச் சமன் செய்வார்கள். இது கொறடாக்களுக்கு இடையிலான வாய்மொழி ஒப்பந்தம், விதிப்புத்தகத்தில் இல்லை. சுயேச்சைக்கும் சில நேரம் இந்த வசதி கிடைக்கும்.

ஆகவே வருகை விழுக்காட்டைக் கண்டு கொதிக்க வேண்டாம். விடுபட்டவை ஒரே வாரத்தில் குவிந்திருந்தால் விடுப்பாக இருக்கும். மாதம் முழுக்க வந்துவிட்டு, சிக்கலான ஒரே பொருளில் மட்டும் ஆள் காணோம் என்றால் கவனியுங்கள். கட்சி செனட்டர்கள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்வார்கள், சுயேச்சை எல்லா மசோதாவையும் தன் சிறிய அலுவலகத்தோடு தானே படிக்க வேண்டும். எனக்கு அதில் அனுதாபம் உண்டு. ஆனால் சர்ச்சை வரும்போது மட்டும் மறைபவருக்கு அந்தச் சலுகையைத் தர மாட்டேன்.

தாளில் எழுதுங்கள்

ஒரு விரிதாளைத் திறந்து இந்தப் பத்திகளைப் போடுங்கள்: தேதி, மசோதா, வைக்கப்பட்ட கேள்வி, ‘ஆம்’ வென்றால் என்ன நடக்கும், அவர் வாக்கு, இரு பக்க எண்ணிக்கை, அவர் பேசினாரா. நான்காவது பத்தியைச் சொந்த வார்த்தையில் எழுத முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் புரியவில்லை என்று பொருள். ஜர்னல்ஸுக்குத் திரும்பிப் போங்கள்.

எண்ணிக்கைப் பத்தியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவர் ‘ஆம்’ பக்கம் இருந்து, அந்தப் பக்கம் ஒன்றோ இரண்டோ வித்தியாசத்தில் வென்றிருந்தால் அவர் வாக்கு முடிவைத் தீர்மானித்தது. 32-க்கு 30 என்பதில் அவர் மாறியிருந்தால் 31-க்கு 31, அதாவது தோல்வி. அவர் ‘இல்லை’ பக்கம் இருந்தால், சமமாக முடிந்தபோதும் ஒரே ஒரு வாக்கில் முடிந்தபோதும் மட்டும்தான் அப்படி. 50-க்கு 12 என்று முடிந்ததில் அவர் எந்தப் பக்கம் இருந்தாலும் அது அடையாளத்துக்குத்தான். தீர்மானித்த வாக்குகளுக்கு நிறம் கொடுத்து, அவற்றின் ஹன்சார்ட் பேச்சுகளை மட்டும் முழுதாகப் படித்தால் போதும்.

இதோடு, அவர் முன்வைத்த திருத்தங்களையும் தனிநபர் மசோதாக்களையும் தனித்தாளில் சேருங்கள். மசோதாவின் பக்கத்திலேயே திருத்தப் பட்டியல் கிடைக்கும். 2023-இல் போகாக்கும் டாஸ்மேனிய செனட்டர் ஜாக்கி லாம்பியும், அரசின் பெரிய தொழிலாளர் மசோதாவில் சர்ச்சையில்லாத நான்கு பகுதிகளைப் பிரித்துத் தனி மசோதாக்களாகக் கொண்டுவந்தார்கள். கடைசியில் அரசே மசோதாவை இரண்டாக்கி, ஒரு பகுதியை அந்த டிசம்பரிலும் மீதியை அடுத்த பிப்ரவரியிலும் நிறைவேற்றியது. இப்படிப்பட்ட வேலை ‘ஆம், இல்லை’ கணக்கில் சிக்காது.

இவ்வளவு பார்த்தும் விளங்காத வாக்கு ஒன்றிரண்டு மிஞ்சும். செனட்டரின் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். “நீங்கள் ஏன் இப்படி?” என்று பொதுவாகக் கேட்டால் அச்சடித்த பதில்தான் வரும். தேதி, மசோதாவின் பெயர், வைக்கப்பட்ட கேள்வி, அவர் வாக்கு என நான்கையும் குறிப்பிட்டு ஒரே ஒரு வாக்கைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் அந்த மாநிலத்து வாக்காளர் என்பதையும் அஞ்சல் குறியீட்டோடு சேர்த்து எழுதுங்கள். பதில் வந்தால் விரிதாளின் கடைசிப் பத்தியில் தேதியோடு ஒட்டிவையுங்கள். வராவிட்டால், வரவில்லை என்று எழுதிவையுங்கள்.